எரியும் நகரத்தில் யார் யார் இருக்கிறார்கள்: வேற்றுக்கிரகப் படையெடுப்புப் படங்களை அரசியலோடு பார்க்க ஒரு வழிகாட்டி

வானத்தில் பெரிய கப்பல் ஒன்று வந்து நிற்கும். நகரம் எரியும். கடைசியில் மனிதர் வெல்வார்கள். ஹொலிவூட் இந்தக் கதையை எழுபது வருடத்துக்கு மேலாகத் திரும்பத் திரும்ப எடுக்கிறது, சனமும் சலிக்காமல் பார்க்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் எரிகிற நகரம் வேறு, எரிக்கிற விதம் வேறு, காப்பாற்ற வருகிறவர் வேறு. எடுத்த நாட்டின் அரசியலும் பயமும் அந்த வேறுபாடுகளில்தான் தெரியும்.

இந்தப் படங்களைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினால் பெரும்பாலும் ஒரே கேள்விதான் வரும்: "ஏலியன் எண்டு ஆரைச் சொல்லுறாங்கள்?" 1950களின் படமென்றால் கம்யூனிஸ்ட், 2001க்குப் பிந்தியதென்றால் பயங்கரவாதி. பதில் கிடைத்ததும் கதை முடிந்துவிடும். கேள்வியில் பிழையில்லை, அதை முதலாவதாகக் கேட்பதில்தான் பிழை. வேற்றுக்கிரகவாசிக்கு ஊரும் இல்லை, பெயரும் இல்லை. எந்தப் பயத்தையும் அதன் தலையில் ஏற்றலாம், எதையும் நிரூபிக்கலாம். மனிதர் பக்கம் அப்படியில்லை. "நாங்கள்" என்று யார் யார் சேர்க்கப்படுகிறார்கள், யார் கட்டளை போடுகிறார், யார் முதலில் சாகிறார், எந்த ஊர் திரையில் வரவேயில்லை என்பவை கண்ணால் கண்டு எண்ணக்கூடியவை. எனவே முதலில் மனிதரை எண்ணுங்கள். ஏலியனிடம் பிறகு வரலாம்.

வாசிகசாலையிலோ சனசமூக நிலையத்திலோ பத்துப் பதினைந்து பேர் சேர்ந்து பார்ப்பதை மனதில் வைத்து இது எழுதப்பட்டிருக்கிறது. வீட்டில் தனியே பார்ப்பவர் மண்டபம் பற்றிய பகுதியை விட்டுவிட்டு மற்றதைப் பயன்படுத்தலாம்.

படம் போடுமுன்

முதல் வேலை திகதி. பெரிய படமொன்று எழுதத் தொடங்கித் தியேட்டருக்கு வர இரண்டு மூன்று வருடமாவது எடுக்கும். வெளியான வருடத்தை மட்டும் பார்த்து அந்த வருடச் செய்தியோடு முடிச்சுப் போட்டால் பிழைத்துவிடும். தென் லண்டன் அடுக்குமாடித் தொகுதிப் பெடியள் ஏலியனோடு மோதும் 'அட்டாக் த பிளொக்' பிரித்தானியாவில் 2011 மே மாதம் வெளியானது. லண்டன் கலவரம் அதே வருடம் ஓகஸ்டில் நடந்தது. படம் கலவரத்தைப் பற்றியது என்று ஒருவர் சொன்னால் திகதியே அதை மறுத்துவிடும். கலவரத்துக்கு முன்பே அந்தப் பெடியளை ஊர் எந்தக் கண்ணால் பார்த்தது என்று படம் காட்டுகிறது என்றால் அது நிற்கும். 'அரைவல்' அமெரிக்காவில் 2016 நவம்பர் 11 வெளியானது, ட்ரம்ப் வென்ற தேர்தலுக்கு மூன்று நாள் கழித்து. தேர்தல் முடிவு அந்தப் படத்தை உருவாக்கியிருக்க முடியாது. பார்த்த சனத்தின் மனநிலையைத்தான் அது மாற்றியது. எடுத்தவர் பயம், பார்த்தவர் பயம் இரண்டையும் குறிப்பில் தனித்தனியே வைத்திருங்கள்.

ஒரு சிறு தாளில் மூன்று வருடங்களை எழுதுங்கள்: மூலக்கதை எழுதப்பட்டது, படப்பிடிப்பு நடந்தது, வெளியானது. பக்கத்தில், படப்பிடிப்புக்கு முந்திய ஐந்து வருடத்தில் அந்த நாட்டைக் குலுக்கிய நாலைந்து சம்பவங்கள். அதற்கு மேல் வேண்டாம். பட்டியல் நீண்டால் எதையும் எதோடும் பொருத்தலாம்.

இரண்டாவது, உங்கள் கையில் இருப்பது எந்த வடிவம் என்று பாருங்கள். 'கொட்சில்லா' வேற்றுக்கிரகப் படம் இல்லையென்றாலும் அதே குடும்பம்தான். 1954 மார்ச் 1ஆம் திகதி பிகினித் தீவில் அமெரிக்கா வெடித்த ஐதரசன் குண்டின் சாம்பல் ஜப்பானிய மீன்பிடிப் படகொன்றின் மேல் விழுந்தது. அதே வருடம் நவம்பரில் வந்த ஜப்பானிய மூலப்படம் 96 நிமிடம். அமெரிக்காவுக்காக 1956இல் வெட்டி ஒட்டிய வடிவம் 80 நிமிடம். அதில் ரேமண்ட் பர் நடித்த அமெரிக்க நிருபர் ஒருவரைப் புதிதாகப் புகுத்தியிருக்கிறார்கள். ஜப்பானியரின் அழிவை அமெரிக்கரின் கண்ணால் பார்க்கும் படமாக அது மாறிவிட்டது. 1956இன் 'இன்வேஷன் ஒஃப் த பொடி ஸ்னாட்சர்ஸ்' படத்தின் தொடக்கமும் முடிவும் ஸ்டூடியோவின் வற்புறுத்தலால் பிறகு சேர்க்கப்பட்டவை. நெடுஞ்சாலையில் நின்று கத்தும் ஒருவனை யாரும் நம்பாத இடத்தில் முடிய வேண்டிய படம், அதிகாரிகள் நம்பித் தொலைபேசியை எடுக்கும் இடத்தில் முடிகிறது. இது தெரியாமல் "கடைசியில் அரசு காப்பாற்றும் என்கிறது படம்" என்று எழுதினால், ஸ்டூடியோவின் பயத்தை இயக்குநர் தலையில் கட்டியதாகிவிடும்.

மூன்றாவது, கடைசியில் ஓடும் பெயர்ப் பட்டியலை நிறுத்தாமல் பாருங்கள். அமெரிக்க இராணுவத்துக்கு நன்றி சொல்லியிருந்தால், கப்பலும் ஹெலிகொப்டரும் தந்தவர்கள் கதையையும் வாசித்துப் பார்த்துத்தான் தந்திருப்பார்கள். 2012இன் 'பட்டில்ஷிப்' அமெரிக்கக் கடற்படையின் ஒத்துழைப்போடு எடுத்த படம். மாறாக 'இண்டிபெண்டன்ஸ் டே' படத்தில் 'ஏரியா 51' என்ற இரகசியத் தளம் வருவதால் அமெரிக்கப் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகன் ஒத்துழைப்பு மறுத்தது. சனாதிபதியை வீரனாகவும் விமானப்படையை மீட்பராகவும் காட்டிய படத்துக்கே இந்தக் கதி. அரசு எதை வெளியே விட விரும்பவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான தடயம் கிடைக்காது.

ஒரே கதை, நான்கு காலம்

புதிதாகத் தொடங்கும் குழுவுக்கு எச். ஜி. வெல்ஸின் 'த வோர் ஒஃப் த வேர்ல்ட்ஸ்' என்ற செவ்வாய்க்கிரகப் படையெடுப்புக் கதையைத்தான் முதலில் கொடுக்க வேண்டும். கதை மாறாமல் காலம் மட்டும் மாறுவதால், மாறியது என்னவென்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும்.

நூலாக 1898இல் வந்தது. பிரித்தானிய சாம்ராச்சியம் உச்சத்தில் இருந்த காலம், யாழ்ப்பாணமும் அதன் கீழ்தான் இருந்தது. இயந்திரங்கள் வந்து இறங்குவது லண்டனுக்கு அருகிலுள்ள அமைதியான ஊரில். தொடக்கப் பக்கங்களிலேயே வெல்ஸ் தஸ்மேனிய மக்களை ஐரோப்பியர் அழித்ததைச் சொல்லி, செவ்வாய்க்காரரைக் குறைசொல்ல எங்களுக்கு என்ன தகுதி என்று கேட்கிறார். அவர் பிறருக்குச் செய்ததை நினைத்துப் பயப்படுகிறார். பின்வந்த வடிவங்கள் பலவற்றில் இந்தக் குற்ற உணர்ச்சி காணாமல் போய்விடும். எங்கே போயிற்று என்று தேடுவதே ஒரு நல்ல பயிற்சி.

1938 ஒக்டோபர் 30 இரவு ஓர்சன் வெல்ஸ் அதை அமெரிக்க வானொலியில் செய்தி அறிவிப்பு வடிவில் ஒலிபரப்பினார். ஒரு மாதத்துக்கு முன்தான், ஹிட்லரால் ஐரோப்பா போரின் விளிம்புக்குப் போன மியூனிக் நெருக்கடி. நிகழ்ச்சியை இடைநிறுத்தி வரும் அவசரச் செய்திக்கு அமெரிக்கக் காது பழகியிருந்தது. நாடே தெருவுக்கு ஓடியது என்று பத்திரிகைகள் எழுதியது மிகைப்படுத்தல் என்பது ஆய்வாளரின் முடிவு. அந்த மிகைப்படுத்தலையும் குறித்துக்கொள்ளுங்கள். விளம்பர வருமானத்தை வானொலி பறிக்கிறது என்ற பத்திரிகைகளின் பயம் அதற்குள் இருக்கிறது.

1953இன் படம் கலிபோர்னியாவுக்கு வந்துவிட்டது. அமெரிக்கா முந்திய நவம்பரில்தான் முதல் ஐதரசன் குண்டைச் சோதித்திருந்தது. படத்தில் செவ்வாய்க்காரர் மேல் அணுகுண்டு போடுகிறார்கள், ஒன்றும் நடக்கவில்லை. வேத வசனம் சொல்லியபடி தனியே நடந்துபோகும் பாதிரியாரை எரித்துவிடுகிறார்கள். சனம் தேவாலயத்தில் ஒதுங்கியிருக்கும்போது எதிரி நோய்க்கிருமியால் விழுகிறான், நன்றி கடவுளுக்குப் போகிறது. குண்டில் நம்பிக்கை போன இடத்தில் தேவாலயத்தை வைத்திருக்கிறார்கள். தஸ்மேனியா இல்லை.

2005இல் ஸ்பீல்பேர்க் எடுத்தபோது இயந்திரங்கள் வானத்திலிருந்து வரவில்லை. நெடுங்காலத்துக்கு முன்பே நிலத்துக்குள் புதைத்து வைத்திருந்தவை எழும்புகின்றன. எதிரி ஏற்கெனவே எங்கள் காலடியில் இருக்கிறான் என்ற பயம் அது. கதாநாயகன் துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கும் தொழிலாளி. முதல் தாக்குதலில் இருந்து தப்பி வீட்டுக்கு வரும்போது உடம்பெல்லாம் சாம்பல். அது எரிந்துபோன மனிதரின் சாம்பல் என்பது கண்ணாடியில் தன்னைக் கண்ட பிறகுதான் அவனுக்கு உறைக்கிறது. மகள் "பயங்கரவாதிகளா?" என்று கேட்கிறாள். காணாமற்போனோரின் படங்கள் ஒட்டிய சுவர் வருகிறது. 2001 செப்டெம்பர் 11ஐ நியூயோர்க் தெருவில் கண்ட எவருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் நிலவறைக் காட்சியில் இன்னொரு பாத்திரம், ஆக்கிரமிப்புகள் எப்போதும் தோற்கும் என்று சொல்கிறது. ஈராக்கில் அமெரிக்கப் படை நின்ற காலம் அது. தாக்கப்பட்டவனின் பயமும் ஆக்கிரமித்தவனின் உறுத்தலும் ஒரே படத்தில் இருக்கின்றன. வெல்ஸின் குற்ற உணர்ச்சி நூறு வருடம் கழித்து ஒரு வசனமாக எட்டிப் பார்க்கிறது.

யாழ்ப்பாணத்தில் இந்தப் படத்தைப் போட்டால், கதை பெரும்பாலும் படகுத்துறைக் காட்சிக்கே போகும். தெரு முழுக்கச் சனம், ஓடக்கூடிய ஒரே வாகனத்தைச் சுற்றி மொய்க்கும் கைகள், ஒரு துவக்கு வந்ததும் எல்லாம் மாறிப்போவது. ஊரே இடம்பெயர்ந்த 1995 ஒக்டோபர் 30 இரவு நாவற்குழிப் பாலத்தடியில் மழைக்குள் நெரிந்து நின்றவர்கள் மண்டபத்தில் இருக்கலாம். அவர்கள் அதை அமெரிக்கப் படமாகப் பார்க்க மாட்டார்கள். அப்படியே விடுங்கள். "இது செப்டெம்பர் 11ஐப் பற்றியது" என்று திருத்த வேண்டாம். எடுத்தவர் கணக்கு ஒரு பத்தி, பார்த்தவர் கணக்கு இன்னொரு பத்தி.

குறிப்புத் தாள்

ஏ4 தாளைக் குறுக்காக வைத்து ஐந்து பத்தி கீறுங்கள். நேரம். திரையில் "நாங்கள்" என்று நிற்பவர்கள். கட்டளையிடுபவர். அழிக்கப்படும் இடம் அல்லது ஆள். செய்தி சனத்துக்கு எப்படி வருகிறது. கடைசிப் பத்தியைப் பலர் தேவையில்லை என்று விடுவார்கள், விடாதீர்கள். ரீவியில் வருகிறதா, வானொலியிலா, வாய்வழி வதந்தியா, அரசு மறைக்கிறதா என்பது அந்தச் சமூகம் யாரை நம்புகிறது என்று சொல்லும்.

ஒருவரே ஐந்து பத்தியும் நிரப்ப வெளிக்கிட்டால் படத்தைத் தவறவிடுவார். ஆளுக்கொரு பத்தி, அல்லது இருவருக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு வரி போதும். 145 நிமிடப் படத்துக்குப் பதினைந்து வரிக்குள் வரும். முன்பு பார்க்காதவர் கையில் தாள் கொடுக்கக்கூடாது. முதல் தடவை பயப்பட வேண்டிய இடத்தில் பயப்பட்டு, சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்க வேண்டும். அந்த உணர்ச்சியும் ஒரு தரவுதான்.

1996இன் 'இண்டிபெண்டன்ஸ் டே' இந்தத் தாளுக்கென்றே எடுத்தது போல இருக்கும். முதல் காட்சி நிலாவில்: அமெரிக்கக் கொடி, மனிதகுலம் முழுவதற்காகவும் அமைதியோடு வந்தோம் என்ற தகடு, அதன் மேல் விழும் நிழல். மனிதகுலம் என்றால் எந்தக் கொடி என்று முதல் நிமிடத்திலேயே எழுதிவிடலாம். பிறகு "நாங்கள்" பத்தியில் வருபவர்கள்: வளைகுடாப் போரில் விமானம் ஓட்டிய சனாதிபதி, கறுப்பினப் போர் விமானி, யூதரான தொழில்நுட்பவியலாளரும் அவர் தகப்பனும், வியட்நாமில் போரிட்டுவிட்டுக் குடியில் வீழ்ந்த, வயலுக்கு மருந்தடிக்கும் விமானி. சண்டை பிடித்துக்கொண்டிருந்த அமெரிக்காவின் எல்லாத் துண்டுகளும் ஒன்றாக ஒட்டப்படுகின்றன. சோவியத் யூனியன் 1991இல் கலைந்துபோய், எதிரி இல்லாமல் நாட்டை எதைக் கொண்டு சேர்த்து வைப்பது என்று தெரியாத காலம் அது. படம் ஒரு எதிரியைக் கொடுத்து அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னது.

"கட்டளை" பத்தி இன்னும் தெளிவு. தாக்குதல் திட்டம் அமெரிக்கரிடமிருந்து மோர்ஸ் சங்கேதத்தில் உலகத்துக்குப் போகிறது. பாலைவனத்தில் காத்திருக்கும் பிரித்தானிய அதிகாரிகள் அது வந்ததும் இவ்வளவு நேரமா என்று ஆறுதலடைகிறார்கள். மற்ற நாடுகளுக்குச் சொந்தத் திட்டம் எதுவும் இருந்ததாகப் படம் காட்டாது. இலங்கை, இந்தியா, ஆபிரிக்கா எங்கே என்று தேடுங்கள். வெற்றிக்குப் பிறகு உலகம் சில நொடி வந்து கைதட்டிவிட்டுப் போகும். சனாதிபதியின் உரை அமெரிக்க சுதந்திர தினத்தை உலகத்தின் சுதந்திர தினமாக்குகிறது. ஏலியனை ஒருதரம்கூட ஆராயாமலே படத்தின் அரசியலில் முக்கால்வாசி வந்துவிட்டது, பார்த்தீர்களா?

இதன் இரண்டாம் பாகம் 2016இல் வந்தபோது நிலாத் தளத்தின் தளபதி சீனர், விமானிகளில் ஒருவர் சீன நடிகை. இதைச் சீனா மீதான புதிய மரியாதை என்று எழுதுமுன், சீனத் தியேட்டர் வருமானம் அப்போது ஹொலிவூட்டுக்கு எவ்வளவு முக்கியமாகியிருந்தது என்பதையும் கணக்கில் எடுங்கள். எல்லா மாற்றமும் பயத்தால் வருவதில்லை, சில ரிக்கற் விற்பதற்காக வரும்.

'டிஸ்ட்ரிக்ட் 9': கவனமாகக் கையாள வேண்டிய படம்

எங்கள் ஊர்த் திரையிடலுக்கு இதைவிடப் பொருத்தமான படம் இல்லை, இதைவிடச் சிக்கலான படமும் இல்லை. 2009இல் நீல் புளொம்காம்ப் எடுத்தது, 112 நிமிடம். கப்பல் நியூயோர்க்குக்கு வராமல் ஜோகன்னஸ்பேர்க்குக்கு மேல் வந்து நிற்கிறது. உள்ளே இருப்பவர்கள் படையெடுத்தவர்களாகத் தெரியவில்லை. மெலிந்து, நோயுற்று இருக்கிறார்கள். அவர்களை முகாமில் போட்டு, இருபதுக்கு மேற்பட்ட வருடம் கழித்து நகரத்துக்கு வெளியே இன்னொரு முகாமுக்கு மாற்றப்போகிறார்கள். பெயர் கேப்டவுனின் 'டிஸ்ட்ரிக்ட் சிக்ஸ்' பகுதியை நினைவூட்டுகிறது. 1966இல் அது வெள்ளையருக்கு மட்டும் உரிய இடமாக அறிவிக்கப்பட்டு, அறுபதாயிரத்துக்கு மேற்பட்டோர் வெளியேற்றப்பட்டார்கள். ஆனால் படம் நிறவெறிக் காலத்தோடு நிற்கவில்லை. 2008 மே மாதம் தென்னாபிரிக்க நகரங்களில் அயல்நாட்டு ஆபிரிக்கக் குடியேறிகள் மேல் நடந்த வன்முறையில் அறுபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஒடுக்கப்பட்டிருந்தவர்களே இன்னொருவரை ஒடுக்க இறங்கினார்கள் என்ற அதிர்ச்சி படத்துக்குள் இருக்கிறது.

முதல் அரைமணிக்குள் வரும் வெளியேற்றக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். விக்குஸ் என்ற அலுவலர் கையில் படிவங்களோடு கதவு கதவாகத் தட்டுகிறான். பின்னால் ஆயுதக்காரர். முகத்தில் சிரிப்பு, குரலில் கனிவு. கையெழுத்து வாங்குவதில்தான் அவனுக்கு அக்கறை, மற்றவர் தாளைத் தட்டிவிட்டதையும் கையெழுத்தாக எடுத்துக்கொள்கிறான். சட்டப்படி முன்னறிவித்தல் தர வேண்டும் என்று ஒருவர் சொன்னதும், பிள்ளையைப் பறிக்கலாம் என்று மிரட்டுகிறான். முட்டைகள் இருக்கும் குடிசையை எரித்துவிட்டு, அவை வெடிக்கும் சத்தத்தைச் சோளப்பொரி சத்தம் என்று சிரித்துக்கொண்டு சொல்கிறான். கொடுமை கத்திக்கொண்டு வரவில்லை, படிவத்தோடு வருகிறது. தாளில் எழுத வேண்டிய கேள்விகள்: படிவம் யார் கையில்? அதன் மொழி யாருடையது? மறுப்பதற்கு அதில் ஒரு கட்டம் இருக்கிறதா?

இந்த இடத்தில் மண்டபம் தானாகவே கதைக்கத் தொடங்கும். வலிகாமம் வடக்கில் 1990இல் வெளியேறி உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் காணியை விட்டு நலன்புரி நிலையத்தில் இருந்தவர்கள் சொல்வார்கள். படம் வெளியான அதே 2009இல் மெனிக் பார்ம் முகாமில் முள்வேலிக்குள் இருந்தவர்கள் சொல்வார்கள். சொல்ல இடம் கொடுங்கள். ஆனால் அங்கேயே நிறுத்திவிட்டால் படத்தின் பாதியைத்தான் பார்த்ததாகும். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. அப்போது இந்த ஊரில் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் யார்? விக்குஸின் பக்கத்து வீட்டுக்காரர்கள் படத்தில் எங்கே நிற்கிறார்கள்? இந்தக் கேள்வியை நெறிப்படுத்துபவர் கட்டாயம் வைக்க வேண்டும். முடிந்தால் சோனகதெருப் பக்கத்திலிருந்தும் ஆட்களை அழையுங்கள். அழைப்பதென்றால் பார்வையாளராக அழையுங்கள். "உங்கட அனுபவத்தைச் சொல்லுங்கோ" என்று எழுப்பி நிறுத்தக்கூடாது, அவர்கள் விரும்பினால் சொல்வார்கள்.

படத்தின் குறையையும் மறைக்க வேண்டாம். அதில் வரும் நைஜீரியர் எல்லோரும் கொள்ளைக்காரர், சூனியக்காரர். நைஜீரிய அரசு வெளிப்படையாக எதிர்ப்புத் தெரிவித்தது. அந்நியரை வெறுக்காதே என்று சொல்லும் படமே ஒரு அயல்நாட்டாரை அப்படிக் காட்டுகிறது. "நாங்கள்" பத்தியில் ஓட்டை விழும் இடம் இது, கட்டாயம் எழுதுங்கள்.

தமிழில்

1963இல் வந்த 'கலை அரசி'யில் எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடித்தார்கள். வேற்றுக்கிரகத்தார் வருவது நிலத்துக்கோ தண்ணீருக்கோ இல்லை. தங்கள் உலகத்தில் கலை இல்லை என்பதால் பாடத் தெரிந்த பெண்ணைக் கொண்டுபோகிறார்கள். அமெரிக்கப் படங்கள் குண்டுக்குப் பயந்துகொண்டிருந்த காலத்தில், எங்களிடம் இருப்பதிலேயே பிறர் ஆசைப்படக்கூடியது எங்கள் கலைதான் என்ற பெருமையை இந்தப் படம் முன்வைத்தது. எம்.ஜி.ஆர் தி.மு.க.வில் இருந்த காலம், ஆட்சிமொழிச் சட்டம் டெல்லியில் நிறைவேறிய வருடம். நேரடித் தொடர்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சூழலுக்கு வெளியே இந்தக் கதை பிறந்திருக்குமா என்று கேட்கலாம்.

2024 பொங்கலுக்கு வந்த 'அயலான்' படத்தில் வெளியிலிருந்து வருபவன் நண்பன். எதிரி, பூமியைத் துளைக்கும் மனிதக் கம்பனி. கதாநாயகன் விவசாயி. நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு எதிராக 2017இல் சனம் போராட்டத்தில் இருந்ததும், தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் போராடியவர்கள் மேல் 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூடும் தமிழ்நாட்டுப் பார்வையாளருக்கு ஞாபகம் வரும். எங்கள் மண்டபத்தில் சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் வரும். ஹொலிவூட் படத்தைப் பார்த்த கையோடு இதைப் போட்டால், பயம் இராணுவத்திலிருந்து நிலத்தடிக்கு இடம்மாறியது பளிச்சென்று தெரியும்.

மண்டபமும் சத்தமும்

இந்தப் பகுதியைச் சிறிது என்று தள்ளாதீர்கள். யாழ்ப்பாணத்தில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர் எவருக்கும் தாழப் பறக்கும் விமானச் சத்தம் வெறும் சினிமாச் சத்தம் இல்லை. போர்க்காலத்தில் குண்டு போட வந்த சகடை, கிபிர் விமானங்கள் அந்தக் காதுகளில் இருக்கின்றன. தாழ்சுருதி ஒலிபெருக்கியைக் கழற்றிவிடுங்கள். கணினியில் வி.எல்.சி. பயன்படுத்தினால் அதன் ஈக்குவலைசரில் இடது கரையில் உள்ள முதல் இரண்டு பட்டைகளை 6 முதல் 10 டெசிபெல் வரை இறக்குங்கள். கதை கேட்கும், நெஞ்சு அதிராது. தாக்குதல் காட்சிகள் எத்தனையாவது நிமிடத்தில் வருகின்றன என்று முதலே சொல்லுங்கள். கதவு திறந்திருக்கட்டும், பின்சுவரில் ஒரு சிறு வெளிச்சம் இருக்கட்டும். ஒருவர் எழுந்து வெளியே போனால் பின்னால் போய்க் கேள்வி கேட்க வேண்டாம். தண்ணீரோடு ஒருவர் விறாந்தையில் நின்றால் போதும்.

நூறு அங்குலத் திரைக்கு அகலம் ஏறக்குறைய 2.2 மீற்றர் வேண்டும். வீச்சு விகிதம் (தூரம் திரை அகலத்தைப்போல் எத்தனை மடங்கு என்பது) 1.5 என்று போட்டிருக்கும் புரொஜெக்டரைத் திரையிலிருந்து 3.3 மீற்றரில் வைக்க வேண்டும். வெள்ளைத் துணியைத் திரையாக்கினால் வெளிச்சம் ஊடுருவிப் படம் மங்கும், பின்னால் கறுப்புத் துணி கட்டுங்கள். கரண்ட் திடீரென்று போனால் குமிழ் வகைப் புரொஜெக்டரின் காற்றாடி நின்று குமிழ் சூட்டில் பழுதாகும். யூ.பி.எஸ். வையுங்கள். பத்து நிமிடம் தாங்கினால் ஒழுங்காக அணைத்துவிடலாம்.

உபதலைப்பு தொடக்கத்திலிருந்தே ஒரே அளவு பிந்தினால் வி.எல்.சி.யில் ஜி, எச் விசைகளால் சரிசெய்யலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து போகப் போக விலகினால் அது சட்டக வேகப் பிரச்சினை. நொடிக்கு 25 சட்டகப் படத்துக்கு 23.976 சட்டகக் கோப்பைப் போட்டால் இரண்டு மணித்தியாலத்தில் ஏறத்தாழ ஐந்து நிமிடம் விலகிவிடும். விசையால் திருத்த முடியாது, கோப்பையே மாற்ற வேண்டும். நீங்களே தமிழில் எழுதினால் யூனிகோடில் எழுதி யூ.டி.எஃப்.-8 ஆகச் சேமியுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தால் திரையில் ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும். ஒரு வரிக்கு 35 எழுத்து, இரண்டு வரி. அதைத் தாண்டினால் வாசிப்பவர் முகத்தைப் பார்க்க மாட்டார்.

தமிழ் டப்பிங் வடிவத்தைத் தனியே பார்க்கலாம், ஆய்வுக்கு மூல ஒலி வேண்டும். விக்குஸின் ஆங்கிலத்தில் உள்ள ஆபிரிக்கான்ஸ் சாயல், அவன் எந்தச் சமூகத்து எந்தப் படி என்பதைச் சொல்கிறது. டப்பிங்கில் அது போய்விடும். பொதுவில் காட்டுவதென்றால் உரிமையாளரிடம் அனுமதி எடுங்கள், வீட்டுச் சந்தாவில் பொதுத் திரையிடல் அடங்காது. அனுமதி கிடைக்காவிட்டால் ஒவ்வொருவரும் வீட்டில் பார்த்துவிட்டுத் தாளோடு வந்து கதைக்கலாம்.

பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கினால் நீளமான படமென்றாலும் இடைவேளையும் ஒரு மணித்தியாலக் கதையும் சேர்த்து ஏழேகாலுக்குள் முடியும். தூரத்துப் பெண்பிள்ளைகளும் முதியவர்களும் வர வேண்டுமென்றால் பஸ் நேரத்தைப் பார்த்து இன்னும் முன்னுக்குத் தள்ளுங்கள்.

கதைக்கும்போது

முதல் பதினைந்து நிமிடம் தாளில் உள்ளதை மட்டும் வாசியுங்கள். கருத்து வேண்டாம். கண்டது என்ன, எத்தனையாவது நிமிடம், யார். இதைத் தவிர்த்தால் அரசியல் நன்றாகக் கதைக்கத் தெரிந்த இரண்டு பேர் கூட்டத்தை எடுத்துக்கொள்வார்கள், படம் மறந்துபோகும். வாசிப்பை இளையவரிடமிருந்து தொடங்குங்கள்.

ஒரு விளக்கம் வந்ததும் மூன்று உரசல் வையுங்கள். திகதி இடம்கொடுக்கிறதா? படத்தில் குறைந்தது இரண்டு இடத்தில் ஆதாரம் உண்டா? நேர் எதிரான விளக்கத்துக்கும் அதே ஆதாரம் பொருந்துகிறதா? மூன்றாவது கேள்வியில் விழும் விளக்கத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. 'பொடி ஸ்னாட்சர்ஸ்' படத்தில் அயலவர் ஒவ்வொருவராக உணர்ச்சியற்ற நகலாக மாறுகிறார்கள். கம்யூனிசம் பரவும் பயம் என்கிறார்கள் ஒரு பக்கம். கம்யூனிஸ்ட் என்று சந்தேகித்தவர்களை வேட்டையாடிய மக்கார்த்தி காலத்தில் எல்லோரும் ஒரே மாதிரி ஆக்கப்பட்ட பயம் என்கிறார்கள் மறுபக்கம். இரண்டுக்கும் படம் இடம்கொடுக்கிறது. இரண்டுக்கும் பொதுவானது, நேற்றுவரை தெரிந்த அயலவன் இன்று யார் என்ற பயம். சுற்றிவளைப்புகளில் ஆளைக் காட்டிக்கொடுக்கும் முகம் மூடிய தலையாட்டிக்கு முன்னால் வரிசையில் நடந்த ஊருக்கு அதை விளக்கத் தேவையில்லை. விளக்கம் பிளவுபடும் இடத்தில் பொதுவாக நிற்கும் பயத்தைத் தேடுங்கள், வலுவான குறிப்பு அதுதான்.

தொடராகச் செய்வதென்றால் மாதம் ஒன்று போதும். 1953, 2005 செவ்வாய்ப் படங்கள் இரண்டும் முதலில், பிறகு 'இண்டிபெண்டன்ஸ் டே', அதன்பின் 'அயலான்', ஐந்தாவதாக 'டிஸ்ட்ரிக்ட் 9'. கடைசிப் படத்தை முன்னுக்கு இழுக்காதீர்கள். நாலு மாதம் ஒன்றாக இருந்து ஒருவர் கதையை ஒருவர் கேட்டுப் பழகிய கூட்டத்தில்தான் 1990ஐப் பற்றி வாய்திறக்க முடியும். தாள்களைத் திகதியிட்டு ஒரு கோப்பில் வையுங்கள். அடுத்த படத்துக்கு அந்தப் பழைய "நாங்கள்" பத்தியைப் பக்கத்தில் வைத்துத் தொடங்குங்கள்.